எதிர் சீட்டுப் பெண்ணின் பாஸ்வேர்டு

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே எனக்கு அதன்மேல் அருவருப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டரைச் சொல்லிக் குற்றமில்லை. ராபர்ட்சன்பேட்டையில் அதைச் சேர்த்துப் பூட்டிக்கொடுத்த கடைக்காரர் பார்த்த வேலை அது. சுவிட்சைப் போட்டால் முதலில் தெரிந்தது அவருடைய கடை. கடைக்கு முன்னால் சால்வை போர்த்திக்கொண்டு அவர். அந்தப் படத்தை மாற்றினேன். மறுபடி திறந்தபோது பழையபடி வந்து நின்றார். கூடவே நான் கேட்காத கார் ரேஸ், ஜாதகம் கணிக்கிற சாமான் ஒன்று, வைரஸ் பிடிக்கிறேன் என்று மூன்று புரோகிராம்கள். மூன்றும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, மற்ற இரண்டையும் வைரஸ் என்று புகார் சொல்லின.

போன் போட்டுக் கேட்டேன். "எல்லாம் ஃப்ரீயா போட்டுக் குடுத்துகீறேன். அதுக்குப் போயி கோச்சிக்கிறீங்களே மேடம்" என்றார். கருமம் என்று போனை வைத்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வெப்சைட் செய்ய உருப்படியாக ஒரு சாஃப்ட்வேர். அதற்கு அவசரம் இருந்தது.

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் பதினோரு வருஷம் ரயிலில் போய்வந்தவள் நான். துணி ஏற்றுமதி செய்கிற ஆபீஸில் வேலை. எந்தப் பெட்டியில் எத்தனை சட்டை, என்ன கலர், என்ன சைஸ் என்று நாளெல்லாம் டைப் அடிக்க வேண்டும். வீட்டில் அப்பா தனியாக. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் ஷிப்டாகக் கீழே இறங்கியவர். நெஞ்செல்லாம் கல்தூசு. பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த வருஷம் இரண்டு முறை பாத்ரூமில் விழுந்தார். இரண்டாவது முறை காலையில் விழுந்தவரை மத்தியானம் பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துத் தூக்கும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் நேவி ப்ளூ, எக்ஸெல், இருபத்துநாலு என்று அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் எனக்கு ரயில் ஏறவே பிடிக்கவில்லை. மூன்றாவது முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பங்காருப்பேட்டைக்குப் போய் வெப்சைட் கோர்ஸ் படித்திருந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவர் பெங்களூரில் ஒரு சின்ன வெப்சைட் ஆபீஸில் என்னைப் பற்றிப் பேசினார். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். ஆனால் அதற்கு முன் பத்து நாளில் மாதிரிக்கு ஒரு சைட் செய்து அனுப்ப வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்துக்கான சைட். பிடித்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. ஆபீஸில் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு போடுவதாக முடிவுசெய்தேன்.

"நாம கிளாஸ்ல எழுதினோமே, அந்த எடிட்டரே போதும்மா. இலவசம்தான்" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வெறும் கறுப்புத் திரை அது. ஒவ்வொரு வரியையும் நாமேதான் அடிக்க வேண்டும். ஆறு மாதம் அதில்தான் படித்தேன், கையும் பழகியிருந்தது. பேசாமல் அதையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு எங்கே புத்தி போயிற்று? லீவு தொடங்குவதற்கு முந்தின வாரம் ரயிலில் வாயைத் திறந்தேன்.

எங்கள் ரயிலில் ஒரு வழக்கம். மிக்சி வாங்குவதானாலும் பையனுக்குப் பெண் பார்ப்பதானாலும் ஆபரேஷன் செய்துகொள்வதானாலும் பெட்டியில் ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் செய்ய மாட்டார்கள். எட்டுப் பேர், அதே எட்டு சீட், வருஷக்கணக்காக. அவரவர் விஷயம் என்று ஒன்றும் கிடையாது. கேட்டுவிட்டுச் சொன்னபடி செய்யாவிட்டால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

ஜன்னலோரம் உட்காரும் நர்ஸம்மா முதலில் சொன்னார். எழுதவே வேண்டாமாம், படத்தை இழுத்து இழுத்து வைத்தால் சைட் ஆகிவிடுமாம். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இழுத்து வைத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால், மணப்பெண் படத்துக்குக் கீழே 'பதினைந்து நாளில் தொப்பை குறைய' என்று ஒரு விளம்பரம். அதை எடுக்கவே முடியவில்லை. தினமும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிறவர், செக்யூரிட்டி ஆபீசில் சூப்பர்வைசர், வேறொன்று சொன்னார். அது திறக்கும்போதே பாங்க் கார்டு நம்பர் கேட்டது. ஏழு நாள் இலவசமாம், அப்புறம் அதுவே எடுத்துக்கொள்ளுமாம். மூலையில் சிவப்பாக ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சீ போ என்று மூடினேன்.

மூன்றாவது ஆள் ஒரு பென்டிரைவையே கொண்டுவந்து கொடுத்தார். பூட்டை உடைத்த காப்பியாம், எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்களாம். அதைப் போட்ட அரை மணியில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, திரை முழுக்கத் துணியில்லாமல் ஒருத்தி வந்து நின்றாள். மூட மூட இன்னொருத்தி வந்தாள். அப்பா டம்ளரோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கடைக்காரரையே கூப்பிட்டு எல்லாவற்றையும் துடைத்தெடுக்கச் சொன்னேன். துடைத்துவிட்டு, தன் படத்தை மட்டும் மறக்காமல் போட்டுவிட்டுப் போனார்.

அப்பாதான் அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னார். "சும்மா குடுக்கறதும் வேணாம், திருட்டு சாமானும் வேணாம். கம்பெனிது எதுனா கீதான்னு பாரும்மா."

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் ஜனங்களுக்குக் கம்பெனி சாமான் என்றால் அதற்கு மேல் எதுவுமில்லை. பூட்ஸ், கம்பளி, சோப்பு எல்லாம் சுரங்கக் கம்பெனி கொடுத்தது. கடைத்தெருச் சோப்பைத் தொட மாட்டார்கள். கொடுக்காததையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆணி, கட்டை, ஒயர், தகரம். அப்படி வந்த தகரம்தான் இன்றைக்கும் எங்கள் சமையலறைக் கூரை. அதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை, நினைத்ததும் இல்லை. பென்டிரைவைத் திருட்டு என்று தள்ளிய என் அப்பாவுக்கு, கம்பெனியிலிருந்து வருவது திருட்டாக இருக்க முடியும் என்று தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. நான் படித்தவள் வேறு.

எனக்கு எதிர் சீட்டில் உட்காரும் பெண் எங்கள் ஊரிலேயே நந்திதுர்க் பக்கம். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். பெங்களூரில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வெப் டிசைனர். அப்பா இல்லை, அம்மாவும் கல்லூரியில் படிக்கிற தம்பியும் அவள் சம்பளத்தில்தான். ரயிலில் ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டாள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்குவாள். பென்டிரைவ் கதையை நான் சொல்லித் திட்டித் தீர்த்த அன்றைக்கு ஒயரைக் கழற்றினாள்.

"அக்கா, எங்க கம்பெனில நல்ல சாஃப்ட்வேர் குடுத்துகீறாங்க. என் ஐடில ரெண்டு மெஷின்ல போடலாம். ஆபீஸ்ல ஒண்ணுதான் போட்டுகீறேன். இன்னோண்ணு சும்மா கீது. பத்து நாளைக்குத்தானே?"

பெட்டியே ஒரே குரலில் எழுந்தது. "கம்பெனிதா! அப்புறம் இன்னா யோசன? வாங்கிக்கம்மா" என்றார் சீட்டுக்கட்டுக்காரர். நர்ஸம்மா கைகூடத் தட்டினார். அவள் என் போனை வாங்கி பாஸ்வேர்டைத் தன் கையாலேயே அடித்துக் கொடுத்தாள். இதனால் உனக்கு ஒன்றும் ஆகாதே என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பத்து நாளும் நான் ராணி மாதிரி உட்கார்ந்து வேலை செய்தேன், சொல்லக் கூசுகிறது. சாஃப்ட்வேர் அப்படி. விளம்பரம் இல்லை, கடிகாரம் இல்லை. நினைத்தது நினைத்த இடத்தில் போய் உட்கார்ந்தது. திரையின் மூலையில் அந்தக் கம்பெனியின் பெயரும் அதற்குக் கீழே அவள் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு தெம்பு. நடுவில் ஒருநாள் கரண்ட் போனது. போச்சே என்று அடித்துக்கொண்டு மறுபடி திறந்தால், ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் எல்லாம் அப்படியே இருந்தது. எங்கேயோ தானாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. எங்கே என்று நான் யோசிக்கவில்லை. "பாத்தியா, கம்பெனிதுன்னா கம்பெனிதுதான்" என்றார் அப்பா. நானும் ஆமாம் போட்டேன்.

பத்தாவது நாள் அனுப்பினேன். இரண்டு நாளில் அந்த ஆபீஸிலிருந்து போன் வந்தது. மண்டபம் பிரமாதம், ஒன்றாம் தேதியிலிருந்து சேரலாம் என்றார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். உடனே எதிர் சீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். சரி, நேரிலேயே சொல்லலாம் என்று ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மறுநாள் ரயிலேறினேன், பழைய ஆபீஸில் ராஜினாமா கொடுக்க.

அவள் சீட்டில் யாருடைய டிபன் பையோ இருந்தது.

"உனக்குத் தெரியாதா?" என்றார் சீட்டுக்கட்டுக்காரர். "வேலையவுட்டுத் தூக்கிட்டாங்களாம். கம்பெனி சாஃப்ட்வேர்ல வெளிவேல பாத்துகினு இருந்துச்சாம். எதோ கல்யாண மண்டபமாம். எல்லாம் கம்பெனி ஃபோல்டர்லயே வந்து சேந்துகினு இருந்துகீது. பொண்ணு படம், மேளக்காரன் படம், பந்தி படம், அத்தனையும். மேனேஜர் பாத்துட்டான்." பிறகு உச்சுக்கொட்டினார். "கம்பெனி சோத்த துன்னுகினு வெளிய வேல பாத்தா வுடுவானா? பேராச."

என் கல்யாண மண்டபம் அந்தப் பெட்டியில் எல்லாருக்கும் தெரியும். எந்தப் படத்தை எங்கே வைக்கலாம் என்று வாட்ஸப்பில் கருத்துச் சொன்னவர்கள். நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஆரஞ்சுப்பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். எனக்கும் இரண்டு சுளை நீட்டினார். சீட்டு போட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தூ, இவர்களும் மனிதர்களா என்று மனசுக்குள் காறித் துப்பினேன். ஆனால் நானும்தான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சுளைகளை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். ராஜினாமாவும் கொடுத்தேன்.

சாயங்காலம் வந்ததும் நந்திதுர்க்கில் அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அவளே கதவைத் திறந்தாள். மைசூர்பாகு டப்பா பையிலேயே இருந்தது. அதை எடுத்து நீட்ட எனக்குக் கை வரவில்லை.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா மட்டும் வேல திரும்பி வந்துடுமா அக்கா? பாஸ்வேர்டு குடுத்ததே தப்பாம். என் வீட்டு கம்ப்யூட்டருதான், நான்தான் பண்ணேன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்கள இழுத்தா உங்க புது வேலையும் பூடும்."

"நாளைக்கே உங்க ஆபீசுக்கு வந்து நான் சொல்றேன்" என்றேன்.

வாய்தான் சொன்னது. வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டுமே என்று உள்ளே மனசு அடித்துக்கொண்டது.

"வேணாங்க்கா. அப்பாவப் பாத்துக்கோங்க, போதும்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது அந்த அப்பாடாதான். கடைக்காரரைத் திட்டினேன், ரயில்காரர்களைக் காறித் துப்பினேன். அவர்கள் யாரும் செய்யாத ஈனத்தனத்தை அவள் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டு நான் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வாய் கசக்கிறது.

கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கம்பெனில வேல பாத்ததுக்கு லெட்டர் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. லெட்டர் இல்லாம எந்த சாஃப்ட்வேர் கம்பெனியும் எடுக்க மாட்டாங்க. தம்பிக்கு ஃபீஸ் கட்டணும். உங்க ஆபீஸ்ல இப்ப உங்க எடம் காலிதானே?"

மறுநாளே என் பழைய ஆபீஸ் சூப்பர்வைசரிடம் பேசினேன். அவள் நல்ல பெண், சுறுசுறுப்பு, நான் பொறுப்பு என்றேன். அவள் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் பாதிகூட இல்லை. எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்றாம் தேதி நான் வீட்டில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன், மாஸ்டர் சொன்ன அந்த இலவச எடிட்டரில். அதில் எல்லாமே நன்றாகத்தான் வந்தது. ஒன்றுகூட முடியாமல் போகவில்லை. அப்பா முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

பதினோரு மணி இருக்கும். அவளிடமிருந்து போன். பின்னால் என் பழைய ஆபீஸின் மின்விசிறிச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

"அக்கா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. இங்க யாரும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க. நாலாவது கட்டத்துல கலர் போடணுமா, சைஸ் போடணுமா?"

"முதல்ல கலர்" என்றேன். "அதுக்கப்புறம் சைஸ். கடைசில எத்தனை சட்டைன்னு."

நேவி ப்ளூ, எக்ஸெல், இருபத்துநாலு என்று அவள் சொல்லிக்கொண்டே அடிப்பது கேட்டது. சரியாக அடித்துவிட்டாள்.

"ரொம்ப தாங்க்ஸ் அக்கா" என்றாள். "நீங்க இல்லாட்டி இந்த வேலகூட எனக்குக் கெடச்சிருக்காது."