நாகபூசணியும் நாலு பேர் நடையும்

நாகபூசணி அக்கா சீனி வருத்தத்தை, அதுதான் நீரிழிவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆட்டோக்காரர்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து வன்னிக்குத் திரும்பிய மூன்றாம் வருடம் பக்கத்துவீட்டு அன்னப்பிள்ளைக்கு வலது காலை எடுத்தார்கள்.

"செல்லடிக்குள்ளால, குண்டுமழைக்குள்ளால இழுத்துக்கொண்டு வந்த கால். கடைசியில சீனி கொண்டுபோட்டுது" என்று அக்கா அழுதார். மறுநாளே வீடு வீடாகப் போய் இருபத்துநாலு பெண்களைச் சேர்த்துவிட்டார். காலையில் சந்தியிலிருந்து குளக்கட்டு வரை நடை. நானும் அகப்பட்டேன்.

நாலாம் நாள் எங்களை இராணுவ முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"எங்க போறீங்க?"

"குளக்கட்டுக்கு" என்றார் அக்கா.

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை சேர். திரும்பி வாறதுக்குத்தான் போறம்."

சந்தேகம் கூடிவிட்டது. அனுமதியில்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சொல்லி, எல்லாருடைய பெயர்களையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த அக்கா பூட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். நான்தான் திறந்துவிட்டேன். "மகன்ர பேரையும் கேட்டவங்கள், பிள்ளை" என்றார். காணாமற்போன மகன். அன்று பின்னேரமே அக்கா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். ஊர் உண்மையிலேயே பயந்துபோனது.

விடிந்ததும் அக்கா சந்தியில் நின்றார். "அஞ்சுக்கு மேலதானே கூடாது? நாலு நாலு பேரா நடவுங்கோ!"

ஆறு கூட்டமாக, இடைவெளி விட்டு நடந்தோம். அக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் ஐந்தாவது ஆளாகப் புகுந்து, பேசி முடித்து, அடுத்ததற்கு ஓடினார்.

எங்களைக் கவனிக்க முகாமிலிருந்து சிவில் உடுப்பில் நிசங்க என்றொருவர் வந்தார். நாற்பது வயது, நல்ல தொப்பை. எங்கள் வேகத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓடவில்லை. அதை நிறுத்திவிட்டு முன் கூட்டத்துக்கும் பின் கூட்டத்துக்குமாக அலைந்தார். ஒரு கிழமையில், ஏழே நாளில், எங்களைவிட மூன்று மடங்கு நடந்திருப்பார்.

"அம்மா, எல்லாரும் ஒண்டா போங்க, ப்ளீஸ்!"

"சட்டம், தம்பி. நாங்கள் மீறமாட்டம். அதுசரி, ஏன் இப்பிடிக் களைக்கிறீர்? அடிக்கடி ஒண்டுக்குப் போறீரோ?"

அவர் முகம் சிவந்தது. அக்கா விடவில்லை, கிளினிக்குக்குக் கூட்டிப்போய் விரலில் குத்தவைத்தார். சீனி இருநூற்று அறுபது.

நிசங்க முகாமில் என்ன சொன்னாரோ தெரியாது. இரண்டு கிழமையில் எழுத்தில் அனுமதி வந்தது: எல்லாரும் சேர்ந்தே நடக்கலாம். ஆனால் பேசியதெல்லாம் தினமும் அறிக்கையாக வேண்டும். நிசங்கவின் தமிழ் போதாது. அக்காவே சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

"எழுதும், தம்பி. சரசுவின்ர மருமகள் நேற்றும் சோறு குழைய விட்டிட்டாள். குழைய. எழுதினீரோ?"

ஒன்பதாம் நாள், மாதம் ஒரு அறிக்கை போதும் என்று முகாமே சொல்லிவிட்டது.

மறு வருடம் நிசங்கவுக்கு இடமாற்றம். மெலிந்து, ஆளே மாறியிருந்தார். அக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவ்வளவு எழுதினீர். என்ர பிள்ளையைப் பற்றி எங்கயாவது எழுதிக் கிடக்கோ, தம்பி?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது, அம்மா."

"சரி. மருந்தை விட்டிடாதையும்."

அன்று குளக்கட்டு வரை அக்கா எங்களை விட்டு முன்னால் தனியாக நடந்தார். திரும்பும்போதுதான் என் நடை நத்தை மாதிரி என்று திட்டத் தொடங்கினார்.