நம்பினால் மட்டும் அசையும் முள்

புலம்பெயர்ந்து வந்த தோர்ண்டன் ஹீத்தில் பெனடிக்ற் ஓட்டுவது பஸ். முன்பு மன்னார்ப் பேசாலையில் ஓட்டியது வள்ளம். இரண்டிலும் வழி தவறாத மனிதர் என்று பெயர். அதனால்தான், வீடு வீடாகப் போதிக்க வந்த மோர்மன் என்ற கிறிஸ்தவ சபைப் பெண்பிள்ளைகள் இருவர் மனைவி பியற்றிஸிடம் கொடுத்துவிட்டுப் போன வேதப் புத்தகத்தில் ஒரு பித்தளைக் கோளத்தின் கதையைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

லியஹோனா என்று பெயராம். கடவுள் ஒரு குடும்பத்துக்கு வழிகாட்டக் கொடுத்ததாம். நம்பிக்கை குறைந்தால் உள்ளே இருக்கும் முள் நின்றுவிடுமாம். நடுக்கடலில் அப்படி நின்று புயலிலும் மாட்டிக்கொண்டார்களாம்.

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்றார் பெனடிக்ற். "என்ர கொம்பாஸ் கள்ளனுக்கும் வடக்கைத்தான் காட்டும், சாமியாருக்கும் வடக்கைத்தான் காட்டும். முள்ளு பிழைச்சால் கிட்ட இரும்பு கிடக்கோ எண்டு பார்ப்பம். இது பிழைச்சால் பிடிச்சவன்ர பிழையாம்!"

பியற்றிஸ் சிரிக்கவில்லை. புத்தகத்திலிருந்த கோளத்தின் படத்தை எடுத்து அந்தோனியார் சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினாள். தொலைந்த சாமானுக்கு அந்தோனியாரிடம் வைப்பதுபோல நேர்த்தியும் வைத்தாள். அவள் கேட்டது சாமானை அல்ல, மகன் டெனுசனை. பதினெட்டு வருடங்களுக்கு முன் இராமேஸ்வரத்துக்கு அகதிகளாகக் கடல் கடந்தபோது, பெனடிக்ற் ஓட்டிய வள்ளத்துக்குப் பின்னால் வந்த வள்ளத்தில் இருந்தவன் அவன். அந்த வள்ளம் கரை சேரவேயில்லை.

படத்தை வணங்கக் கூடாது என்று அந்தச் சபைப் பிள்ளைகள் மறுபடி வந்தபோது தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார்கள். சபையார் மாதத்தில் ஒரு ஞாயிறு உண்ணாமல் இருப்பார்கள் என்பது மட்டும்தான் அவள் காதில் ஏறியது. சீனி வருத்தக்காரி, நீரிழிவு மாத்திரை போடுபவள், யாருக்கும் சொல்லாமல் அதை மூன்று நாளாக்கினாள். மூன்றாம் நாள் குசினியில் அடுப்பருகே மயங்கிச் சரிந்தாள்.

பெனடிக்ற் பதறிப்போய் சீனித் தண்ணீர் பருக்கினார். கண் திறந்தவள் விக்கி விக்கி அழுதாள். "எனக்கு நம்பிக்கை போதாது. அதுதான் முள்ளு பிள்ளையைக் காட்டுதில்லை."

அவருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாய் வந்தன. "உன்ர பிழை இல்லையடி! முள்ளுக்கு ஏன் நம்பிக்கை? அண்டைக்குக் கடல் கடக்கேக்க என்ர கொம்பாஸ் ஒரு துளியும் பிழைக்கேல்ல. நான் நேரதான் ஓடினனான்."

"ஓம், நேரதான் போனீங்கள்," என்றாள் பியற்றிஸ். "அவன் பின்னால வாறானோ எண்டு ஒருக்காவெண்டாலும் திரும்பிப் பார்த்தீங்களோ?"

இத்தனை வருடத்தில் அவள் வாய்திறந்து கேட்காத கேள்வி. பெனடிக்ற் அவளருகில் நிலத்தில் அமர்ந்தார்.

"இல்லை," என்றார். "முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்."