படி வெட்டிய தென்னை

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் கல்யாணமாகி வந்தேன். அய்யனார் கோவில் போகிற பாதையில் தென்னந்தோப்புக்குள் வீடு. என் கணவரின் அக்காவும் எங்களோடு இருந்தார். அவரை மதினி என்று கூப்பிடுவேன். மதினியின் வீட்டுக்காரர், எங்களுக்கு அண்ணன், ராணுவத்தில் இருந்தவர். வடக்கே பனிச்சரிவில் வண்டியோடு போய்விட்டார் என்று தந்தி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அவருடைய சாமான்கள் இருந்த தகரப்பெட்டி ஒன்றுதான் வந்தது. மதினி அதைத் திறக்கவில்லை. அண்ணனை யாராவது 'இருந்தாரு' என்று சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவார்.

கிணற்றடித் தென்னை அண்ணன் வைத்தது. காய்க்கத் தொடங்கி இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கடைசியாக லீவில் வந்தபோது, இளநீர் பறிக்க ஆள் தேட வேண்டாமென்று அரிவாளால் தண்டில் படி வெட்டினாராம். மதினி துணி துவைத்துவிட்டு அந்தப் படிகளைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க காத வச்சுப் பாரு."

வைத்தேன். தண்டுக்குள்ளே யாரோ கரும்பை மென்று மென்று துப்புவதுபோல ஒரு சத்தம். நிற்கும், மறுபடியும் வரும். சட்டென்று காதை எடுத்தேன்.

"கேக்குதா?"

"கேக்குது மதினி."

"எனக்கு மட்டுந்தான் கேக்குதோன்னு நெனச்சேன்" என்றார். அவர் முகத்தில் தெரிந்தது பயமில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

என் கணவர் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் படிகளில் வழிந்து காய்ந்திருந்த செம்பழுப்புச் சாற்றைக் காட்டினார். "சிவப்புக் கூன்வண்டு. மரத்துல வெட்டுக்காயம் பட்டா அந்த வாடைக்கே வந்துரும். காயத்துல முட்டை வைக்கும். புழு உள்ள தின்னுட்டே போகும். உள்ளேயே கூடு கட்டி, வண்டாகி, அங்கேயே ஜோடி சேந்து மறுபடியும் முட்டை வைக்கும். வெளிய ஒண்ணுமே தெரியாது. மருந்து ஊத்தி ஓட்டைய சிமெண்ட் வச்சு அடைச்சாப் பாக்கலாம்."

மதினி மரத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "அவிய வெட்டுன படி. யாரும் அடைக்கக் கூடாது."

யாரும் அடைக்கவில்லை. அதன் பிறகு அந்தச் சத்தம் எனக்கு மரத்தடியில் மட்டும் கேட்கவில்லை. அரிசி புடைக்கும்போது கேட்டது, தலை சாய்த்தால் தலையணைக்குள் கேட்டது. அண்ணனை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் அவர் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பதாகத் தோன்றும்.

ஐப்பசியில் ஒரு காலை. காற்றே இல்லை. மரத்தின் கொண்டை ஓலையும் குலையுமாக அப்படியே முறிந்து கிணற்றடியில் விழுந்தது. அதுவரை ஓலைகள் பச்சையாகத்தான் நின்றன.

ஆட்கள் வந்து தண்டைப் பிளந்தார்கள். புளித்த கள் நாற்றம். சோற்றுக் கஞ்சிபோல நைந்த நாருக்குள் காலில்லாத மஞ்சள் புழுக்கள் நெளிந்தன. மரத்து நாரையே கயிறுபோலச் சுற்றிக் கட்டிய கூடுகள் விரல் நீளத்துக்குக் கிடந்தன. மதினி ஒரு கூட்டை எடுத்துக் கொண்டை ஊசியால் கிழித்தார். உள்ளே துருநிற வண்டு, நீண்ட மூக்கை நெஞ்சில் வைத்து, கால்களை மடக்கிக் கிடந்தது. வெளிச்சம் பட்டதும் ஒரு காலை மெல்ல நீட்டியது.

மதினி வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த மரத்தயாவது பொளந்து காமிச்சீக. அவியள யாரும் எனக்குக் காமிக்கலயே."

அங்கேயே ஈரமண்ணில் உட்கார்ந்து அழுதார். தந்தி வந்த நாளில்கூட அவர் அழவில்லையாம். "செத்துட்டாவ, ஏட்டி. செத்துத்தான் போயிட்டாவ" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மரத்தைத் துண்டு போட்டு அன்றைக்கே எரித்தோம். விட்டால் பக்கத்து மரத்துக்குப் போய்விடும். மதினி கடைசிவரை நெருப்பருகில் நின்றார், ஓடப்பார்த்த வண்டுகளை விளக்குமாற்றால் உள்ளே தள்ளினார். மறுவாரம் பெட்டியைத் திறந்தார். அடுத்த வருஷம் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். தொண்ணூறுகளில் மதுரைக்கே குடிபோய்விட்டார்.

நான்தான் அந்தத் தோப்பிலேயே இருந்தேன். எந்தத் தென்னையிலும் சாய்ந்து உட்கார இன்றுவரை என்னால் முடியவில்லை.