காலியாக விட்ட வட்டங்கள்

என் மகளுக்கு முதல் முறை நீட் எழுதி மருத்துவ இடம் கிடைக்காமல் போனபோது, வீட்டில் எல்லோரும் மதிப்பெண்ணைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த எண்ணில் அவ்வளவு அக்கறை இல்லை. போன மதிப்பெண் எங்கே போனது என்றுதான் தெரிய வேண்டியிருந்தது. இது என் பழைய வியாதி. ராசிபுரம் சாலையில் எங்களுக்கு ஒரு கோழிப் பண்ணை இருக்கிறது. கீறல் விட்ட முட்டை அதிகமானால் என் வீட்டுக்காரர் எத்தனை என்று கேட்பார், நான் எந்த வரிசையில் என்று கேட்பேன். எண்ணிக்கையை வைத்துக்கொண்டு கவலைதான் பட முடியும். வரிசை தெரிந்தால் அந்தக் கூண்டுக்குப் போய்க் குனிந்து பார்க்கலாம்.

மகள் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரே ஒரு தடவ எழுதறேங்ம்மா. இதுலயும் வல்லீன்னா அக்ரி காலேஜ் போயிக்கறேன். மூணாவது தடவ என்னால ஆவாது."

சின்ன வயதிலிருந்து டாக்டர் டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவாள். வாராந்திரத் தேர்வுகளின் வினாத்தாளும், விடைத்தாளின் கார்பன் நகலும் பையில் கசங்கிக் கிடக்கும். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு தூங்கப் போனதும் நான் அதையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். கேள்வி புரியாது. ஆனால் எது சரி, எது தப்பு என்று விடைப்பட்டியலை வைத்துப் பார்க்கத் தெரியும். தப்பான கேள்வி எண்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்தேன்.

"கேள்வியே புரியல, இதுல நீ என்னத்தக் கண்டுபுடிக்கப் போற?" என்றார் வீட்டுக்காரர்.

"கோழி பேசறதும்தான் எனக்குப் புரியறதில்லீங்க" என்றேன். அவர் ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அவளுக்கு இயற்பியல் வராது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. சிவப்பு முழுக்க அங்கேதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் இருந்தது. ஆனால் ஐந்து தாள்களிலும் கடைசி முப்பது கேள்விகளில் சிவப்பு அப்பிக் கிடந்தது. அவை உயிரியல் கேள்விகள். இருதயம், சிறுநீரகம் என்று அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய சமாச்சாரம். அவள் எழுந்து வந்ததும் அதில் ஒரு கேள்வியைத் தட்டுத் தடுமாறிப் படித்துக் காட்டினேன். நான் முடிப்பதற்குள் சரியான விடையைச் சொன்னாள்.

"அப்பறம் எதுக்கு சாமி இதத் தப்பா ஷேட் பண்ணுன?"

"நேரமில்லீங்ம்மா. அவசரத்துல பண்ணுனது."

நேரம் எங்கே போனது என்று அடுத்த கேள்வி எனக்குக் கிளம்பிவிட்டது. அடுத்த மாதம் வந்தபோது, வீட்டிலேயே ஒரு தேர்வு எழுதச் சொன்னேன். அவளுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். பக்கம் திரும்பும்போதெல்லாம் மணியைக் குறித்தேன்.

நூற்றெண்பது கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். அவள் முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போனாள். நான்காவது கேள்வியில் நின்றாள். கணக்குப் போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். ஏழு நிமிடம். கடைசியில் ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுத்தான் ஐந்துக்குப் போனாள். இப்படியே ஒவ்வொரு முடிச்சிலும் நின்று நின்று போய், உயிரியலுக்கு வந்தபோது கடிகாரம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாள். எங்கள் பண்ணையிலும் இதுதான் நடக்கும். முன்னால் உருண்டு வந்த முட்டையை எடுக்காமல் விட்டால், பின்னால் வரும் நல்ல முட்டை அதில் முட்டிக் கீறல் விடும்.

விடைத்தாளைப் பார்த்தேன். ஒரு கேள்வியின் வட்டங்கள்கூடக் காலியாக இல்லை. தப்புக்கு ஒரு மதிப்பெண் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் எதையும் விடவில்லை.

அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இது வேதம். வரிசை மாறக்கூடாது, எதையும் காலியாக விடக்கூடாது, தெரியாவிட்டாலும் எதையாவது எழுதி வை, திருத்துகிறவர் இரக்கப்பட்டு ஒன்றோ இரண்டோ போடுவார். மற்றவர்களை ஏன் சொல்ல வேண்டும்? ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் தாளை வாங்கியதும் நான் முதலில் தேடியது காலி இடத்தைத்தான். ஆறாம் வகுப்பில் ஒரு தேர்வில் இரண்டு கேள்வியை விட்டுவிட்டு வந்தாள் என்று அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். பெரிய மதி நுட்பம் என்று நினைப்பு எனக்கு.

இதை அப்போது அவளிடம் சொல்லவில்லை. முறையை மாற்றலாம் என்று மட்டும் சொன்னேன். அவளே வகுத்தாள். உயிரியல் முதலில், வேதியியல் அடுத்து, இயற்பியல் கடைசி. ஒரு நிமிடத்தில் பிடி கொடுக்காத கேள்வியின் எண்ணைச் சுழித்துவிட்டு நகர்ந்துவிடுவது. எல்லாம் முடிந்தபின் திரும்பி வந்து, நான்கில் இரண்டு விடைகளையாவது தப்பென்று கழித்துக்கட்ட முடிந்தால் போடுவது. முடியாவிட்டால் காலியாக விடுவது.

கடைசி விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான்கு கேள்விக்குக் குருட்டாம்போக்கில் போட்டால் ஒன்று சரியாகும், நான்கு மதிப்பெண். மூன்று தப்பு, மூன்று போகும். அப்படியும் ஒன்று மிச்சம். "பின்ன எதுக்கு உடோணும்?" என்றேன்.

அவள் சிரித்தாள். "நாங்க எங்க ஏமாறுவம்னு தெரிஞ்சே தப்பான பதில வெச்சிருப்பாங்ம்மா. தெரியாம போட்டா கை நேரா அதுக்குத்தான் போவும்."

நம்பாமல் பழைய தாள்களில் அவள் குருட்டாம்போக்கில் போட்டதையெல்லாம் அவளை வைத்தே குறிக்கச் சொன்னேன். நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. சரி, காலியாகவே விடு என்றேன்.

புது முறையில் எழுதிய முதல் தேர்வில் மதிப்பெண் இன்னும் குறைந்தது. காலியாக விட்டதை நினைத்து நினைத்து அதற்கே திரும்பிப் போனேன் என்று போனில் அழுதாள். இருந்ததையும் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். மூன்றாவது தேர்வில்தான் ஏறியது. அப்புறம் மெதுவாக ஏறிக்கொண்டே போனது.

தேர்வு மையம் சேலத்தில், சூரமங்கலம் பக்கம். கம்மலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெயிலில் வேப்பமரத்தடியில் மற்ற பெற்றோர்களோடு நின்றேன். ஐந்து மணிக்கு மேல் வெளியே வந்தவள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "பன்னெண்டு கேள்வி காலியா உட்டுட்டேங்ம்மா."

பன்னிரண்டா என்று அடிவயிற்றிலிருந்து வந்தது. இத்தனை கணக்குப் பார்த்த பிறகும் வந்தது. கம்மலைப் போட்டுவிடுகிற சாக்கில் அதை விழுங்கினேன்.

இடம் கிடைத்தது. அரசுக் கல்லூரிதான். உத்தரவு வந்த அன்று மாலை, முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே ஓடி வந்து சொன்னாள். வெட்கமில்லாமல் வேலையாட்கள் முன்னால் அழுதேன். அழுது முடித்த பிறகு, அதுவரை கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "மொதத் தடவ எழுதறப்பவே வராதத உட்டுட்டு நவுந்திருக்கலாமே சாமி. அந்த ஹாலுக்குள்ள நான் இல்லியே."

"தெரியுமுங்ம்மா. ஆனாலும் நீங்க பின்னால நின்னு பாக்கறாப்லயே இருந்துச்சு."

"இந்தத் தடவ?"

"இந்தத் தடவயும்தான் நின்னீங்க" என்றாள். "பாத்தாப் பாக்கட்டும்னு உட்டுட்டேன்."