குவிமாடத்தின் அடியில்

ராமநாதபுரம் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த எங்கள் ஆண்கள் வீரபாண்டியில் முதலில் தொழுதது ஒரு தகரக் கொட்டகையில்தான். பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து அங்கேயே பள்ளிவாசல் கட்டினார்கள். சொந்த ஊர்ப் பள்ளிவாசலில் உள்ளதுபோலவே கல்தூண்கள். நடுவில், எங்கள் ஊரில் இல்லாத பெரிய குவிமாடம்.

திறப்பதற்கு முந்தின நாள் பெண்களையும் வந்து பார்க்கச் சொன்னார்கள். கணவரோடு போனேன். காலமெல்லாம் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே நின்றதில் அவருக்குக் காது மந்தம். வீட்டில் எதையும் கத்தித்தான் சொல்வேன்.

அவர் குவிமாடத்துக்கு நேர்கீழே அண்ணாந்து நின்றார். அவருக்குப் பின்னால் நின்று, "எம்புட்டு உசரம் மச்சான்" என்று முணுமுணுத்தேன்.

சட்டென்று திரும்பினார். "ஆமா புள்ள, எம்புட்டு உசரம்!"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தூணோரம் பூசிக்கொண்டிருந்த உள்ளூர்க் கொத்தனார் சிரித்தார். "இங்க அப்படித்தானுங்க. மெல்லப் பேசுனாலும் மேல போயி முழங்கித் திரும்புமுங்க."

"இன்னும் ஏதாவது சொல்லு புள்ள" என்றார் என் கணவர். கண் கலங்கியிருந்தது. காலையில் வைத்த மீன்குழம்பில் புளி கூடிப்போனதைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் மேலே பார்த்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.