துறைமுகத்தில் தேடிய தோடு

"பட்டாபிராம்லேந்து எங்க ஊட்டுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு தபா வாந்தி எடுக்கிறவ நீ. நீ கப்பல்ல போவப்போறியா? சரி, தொணைக்கு யாரு வர்றது?"

1993-ம் வருடம் பொங்கலுக்கு மறுநாள், குமணன்சாவடியில் என் அத்தை வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை கேட்டது இது. அன்றைக்கும் பஸ் ஜன்னலுக்கு வெளியே இரண்டு தடவை தலையை நீட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். அதனால் கேள்வியின் முதல் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது பாதிக்கு இருந்தது. என்னோடு வேலை செய்யும் இரண்டு தோழிகள் வருகிறார்கள் என்றேன். அத்தை சிரித்துவிட்டார்.

"அதுங்களும் பொண்ணுங்கதான? நான் தொணையக் கேட்டேன்."

அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் குடும்பத்தில் கடலை மெரினாவில் நின்று பார்த்ததோடு சரி. பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளே நான்தான். அப்பா சரக்கு ரயிலிலிருந்து மூட்டை இறக்குபவர். பாலிடெக்னிக் படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் வேலையில் நான் சேர்ந்தபோது, அவர் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு போனார். ஆனால் ஊர் சுற்றப் போகிறேன் என்றதும் அவரும்கூட மெதுவாக, "தொணைக்கு யாரும்மா?" என்றுதான் கேட்டார்.

ஊர் சுற்றும் ஆசை சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்தது. முதுகில் ஆளுயரப் பையை மாட்டிக்கொண்டு நான்கு வெள்ளைக்காரப் பெண்கள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஆண் யாரும் இல்லை. பயமும் இல்லை. நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்று எங்கள் ரயிலைக் கோட்டை விட்டோம். அன்றே முடிவு செய்துவிட்டோம்.

இனி தோழிகளில் ஒருத்தியை ஆவடிக்காரி என்றும் மற்றவளை அம்பத்தூர்க்காரி என்றும் சொல்கிறேன். ஆவடிக்காரிதான் அவள் ஊர் சந்தையில், ராணுவத்தில் கழித்துவிட்ட பச்சை கான்வாஸ் பைகள் மூன்று தேடிப் பிடித்தாள். அம்பத்தூர்க்காரி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அதனால் பேச்சு வார்த்தை எல்லாம் அவள் பொறுப்பு. ரயிலில் விசாகப்பட்டினம், அங்கிருந்து அரக்கு மலை, திரும்பி வந்து கப்பலில் அந்தமான், அங்கே ஒரு சின்னத் தீவு, அப்புறம் கப்பலிலேயே மெட்ராஸ். இதுதான் திட்டம். நாட்காட்டியில் பார்த்த வெள்ளை மணல் கரைக்காக அந்தத் தீவை நான்தான் சேர்த்தேன்.

கிளம்பும்போது அம்மா கையை நீட்டினார். "காதுல கீறத கயட்டிக் குடுத்துட்டுப் போ. தோட்டுக்கு ஆசப்பட்டு எவனாவது காத அறுத்துருவான்." கழற்றிக் கொடுத்துவிட்டு பிளாஸ்டிக் கம்மல் மாட்டிக்கொண்டேன். ஆக, துணையும் இல்லாமல், தோடும் இல்லாமல் ரயில் ஏறினேன்.

போகிற இடமெல்லாம் அத்தையின் கேள்வி எங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது. ரயிலில் எதிர் சீட்டுக் குடும்பம் கேட்டது. டிக்கெட் பரிசோதகர் கேட்டார். அரக்கில் லாட்ஜ்காரர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், ஆண் யாராவது பின்னால் வருகிறார்களா என்று. வரவில்லை என்றதும் அறை காலி இல்லை என்றுவிட்டார். ஸ்டேஷனிலேயே பையைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். குளிரில் பல் தந்தியடித்தது. "மிலிட்டரின்னு சொல்லிக்கலாம்டி, பை பச்சையாத்தான கீது" என்றாள் ஆவடிக்காரி.

விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். எங்கள் வயதுதான் இருக்கும். ஆறேழு மாதக் கர்ப்பம். ஒரு தகரப் பெட்டி, ஒரு துணி மூட்டை. அம்பத்தூர்க்காரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து எங்களிடம் வந்தாள். தெலுங்கில் வேகமாக என்னவோ சொன்னாள். தெரியவில்லை என்று கையை விரித்தோம். கண் கலங்க, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"நாக்கு தோடு லேது."

நாக்கு என்றால் எனக்கு, லேது என்றால் இல்லை. அது மெட்ராஸில் பிறந்த யாருக்கும் தெரியும். தோடு என்றால் தோடு. அவள் காதைப் பார்த்தேன். துளையில் வேப்பங்குச்சிதான் இருந்தது. அம்மா சொன்னது உடனே நினைவுக்கு வந்தது. பாவம், கர்ப்பிணி, இருந்த தங்கத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள்.

பையைக் கீழே போட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தேன். ஆவடிக்காரி பெஞ்சுக்கு அடியில் புகுந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு போர்ட்டர், என்னவென்று கேட்காமலேயே, துண்டால் தரையைத் தட்டித் தட்டித் தேடினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து எங்களோடு சேர்ந்து தேடினாள்.

அம்பத்தூர்க்காரி வந்து பார்த்தபோது நாங்கள் நான்கு பேரும் தரையில் இருந்தோம்.

"இன்னாடி தேடுறீங்க?"

"இந்தப் பொண்ணோட தோடு தொலஞ்சிருச்சாம்டி."

அவள் அந்தப் பெண்ணிடம் விசாரித்தாள். அந்தப் பெண் எங்களைக் காட்டி ஏதோ பதில் சொன்னாள். அம்பத்தூர்க்காரி தண்ணீர்க் கேனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். "அடி லூசுங்களா. நீங்கதான் எதையோ தொலச்சிட்டீங்கன்னு அவ தேடிக்கினுகீறா. தெலுங்குல தோடுன்னா துணைடி. துணைக்கு ஆள் இல்லன்னு சொல்லியிருக்கா."

விஷயம் இதுதான். அவள் கணவர் போர்ட் பிளேரில் கட்டட வேலை செய்கிறார். பிரசவத்துக்கு அவரிடம் போகிறாள், பிறந்த வீட்டில் தாய் இல்லை. கூட வர வேண்டிய தம்பி காய்ச்சலில் விழுந்துவிட்டான். கப்பலின் கீழ்த்தளத்தில் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில்தான் படுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, பயந்துபோய், உங்களோடு வரட்டுமா, எனக்குத் துணையாக இருப்பீர்களா என்று கேட்டிருக்கிறாள்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வந்த வழியெல்லாம் துணை இல்லாத பெண்கள் என்று பெயர் வாங்கியவர்கள் நாங்கள். எங்களையும் துணை என்று நினைக்க ஒருத்தி இருக்கிறாள். நான் நிமிர்ந்து நின்று அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

அந்த நிமிர்வு கரை மறையும் வரைதான். கப்பல் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்க, என் வயிறு அதற்கு எதிர்ப்பக்கம் ஏறி இறங்கியது. கீழ்த்தளத்தில் டீசல் வாடை, இரும்பு வாடை, யாரோ சாப்பிட்ட முட்டை வாடை. அத்தையின் வாக்கு பலித்துவிட்டது. தோழிகள் இருவரும் தங்கள் பங்குக்குச் சுருண்டு படுத்தார்கள் என்றாலும் என் அளவுக்கு இல்லை. என் தலையைத் தாங்கிப் பிடித்தது யார் தெரியுமா? நாங்கள் துணைக்கு அழைத்து வந்த அந்தப் பெண்தான். மூன்று மாதம் மசக்கையில் வாந்தி எடுத்துப் பழகியவள். முந்தானை முடிச்சில் தனக்கென்று வைத்திருந்த புளியைக் கிள்ளி என் நாக்கில் வைத்தாள். முதுகைத் தடவிவிட்டாள். அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. அந்த நிலைமையில் எந்த மொழியும் தேவைப்படவும் இல்லை.

எதிர்ப் படுக்கையில் இருந்த ஒரு தமிழ்க்காரர் அக்கறையாக என்னைக் காட்டி, "எத்தனாவது மாசம்மா?" என்று விசாரித்தார்.

"இவளுக்கு எல்லா மாசமும் இப்பிடித்தான்ணா. பஸ்ல ஏறுனாலே இதே கததான்" என்றாள் ஆவடிக்காரி, படுத்த இடத்திலிருந்தே.

கடைசி நாள் மேல்தளத்துக்கு ஏறி நான்கு பேரும் காற்றில் உட்கார்ந்தோம். பறக்கும் மீன்களைப் பார்த்தோம். பச்சையாகத் தீவுகள் தெரிந்தபோது அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை.

போர்ட் பிளேரில் கப்பல் காலையில் கரை சேர்ந்தது. துறைமுக வாசலில் அவள் கணவரைக் காணோம். கூட்டம் கரைந்தது. ஆட்டோக்கள் போய்விட்டன. கடிதம் போட்டிருந்தாள், கிடைத்ததா என்று தெரியாது. அவர் குடியிருக்கும் இடத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். விசாரித்தால், அந்தப் பெயரில் மேட்டிலும் பள்ளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடிசைகள் என்றார்கள்.

எங்களுடைய சின்னத் தீவுக்குப் படகு அன்று மதியம். அதை விட்டால் அடுத்த படகு வருவதற்குள் எங்கள் லீவு முடிந்துவிடும்.

"போலீஸ்ல சொல்லி உக்கார வச்சிட்டுப் போலாம்டி, அவங்க பாத்துக்குவாங்க" என்றாள் ஆவடிக்காரி. அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்தப் பெண்ணே எங்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஆனால் பெட்டியின் மேல் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அந்த முடிச்சில் புளி இல்லை. எல்லாவற்றையும் நான்தான் தின்றிருந்தேன்.

"தோடுன்னு சொல்லிட்டு பாதியில கயட்டி வெக்க முடியாதுடி" என்றேன். அம்பத்தூர்க்காரி சிரித்தாள். ஆவடிக்காரி பையை முதுகிலிருந்து இறக்கினாள்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். பிஸ்கட்டும் டீயும்தான் சாப்பாடு. மதியம் எங்கோ ஒரு சங்கு ஊதியது. எங்கள் படகாக இருக்கும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெயில் சாய்ந்தபோது எனக்கே பயம் வந்துவிட்டது. இவள் கணவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போது சரிவில் ஒருவர் ஓடி வந்தார். தலையெல்லாம் சிமெண்ட் தூசி. கப்பல் வேறு துறைக்குத்தான் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி விடியற்காலையிலிருந்து அங்கே நின்றிருக்கிறார். மனைவியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் எங்களுக்குப் பின்னால் அங்கும் இங்கும் தேடினார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அரக்கு லாட்ஜ்காரர் பார்த்த அதே பார்வை.

"தோடு எவரு ஒச்சேரு?" என்று கேட்டார். துணைக்கு யார் வந்தது? இந்தத் தடவை எனக்கே புரிந்தது.

"ஈள்ளே" என்றாள் அவள், எங்கள் மூவரையும் காட்டி. இவர்கள்தான்.

அவர் எங்களைப் பார்த்தார். என் பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அன்று அவர்கள் குடிசையில்தான் மீன் குழம்பும் சோறும். கப்பலில் இழந்ததையெல்லாம் உட்கார்ந்து திரும்பப் பெற்றேன். கிளம்பும்போது அவள் ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தால் புளி. மெட்ராஸ் வரை தாங்கியது.

ஊர் திரும்பியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "எத்தினி தபா?"

"எண்ணல அத்தை" என்றேன். எங்கள் மூவரில் யாரும் அந்த வெள்ளை மணல் கரையை இன்றுவரை பார்க்கவில்லை. ஆனால் துணை என்பது ஆணா பெண்ணா, பலசாலியா, வாந்தி எடுக்காதவரா என்பதில் இல்லை, போகாமல் கூட உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது என்பதை அந்த மரத்தடியில் தெரிந்துகொண்டேன்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு நாக்பூரில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவர்கள் வீட்டிலும் அவள்தான் முதல். துணைக்கு ஆள் இல்லையே என்று அவள் அப்பா இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார். நேற்று சென்ட்ரலுக்குப் போய் டிக்கெட் எடுத்து வந்துவிட்டேன். போவதற்கு இரண்டு, திரும்புவதற்கு ஒன்று.