அடம்பங்கொடியில் பால் பார்த்தேன்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் ஆரியங்கோட்டில் ரப்பர் நாற்றுப் பண்ணை போட்டு, பெண்மக்களை நர்சிங் படிக்க வைத்து, மலைச்சரிவில் மாடி வீடும் கட்டினேன். ஒட்டுக்கன்றின் இலையைப் பார்த்தே ரகத்தைச் சொல்லிவிடுவேன். இதில் என்னை வெல்ல இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

எங்கள் சபைக்காரர்கள் சனிக்கிழமை காலைகளில் கடற்கரையோரம் பூப் பார்க்க நடக்கத் தொடங்கியபோது, முன்னால் நடக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முன்னால் நடப்பவர்தான் பூவின் பேரைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். எருக்கு, தும்பை, நித்தியகல்யாணி என்று நான் சொல்லச் சொல்ல, பட்டம் வாங்கியவர்கள் குனிந்து எழுதுவதைப் பார்ப்பது ஒரு சுகம்.

பிறகு திருப்புறத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். போன மாதம் பூவார் மணலில் படர்ந்து கிடந்த பச்சைக்கு நடுவே ஊதாப் பூ ஒன்று தலைகாட்டியது. நின்ற நிலையிலேயே, “அடம்பு” என்றேன்.

“அண்ணா, அது அடம்பு இல்ல. காட்டுப்பயறாக்கும்,” என்றார் டீச்சர்.

எனக்குச் சுருக்கென்றது. என் சேக்காளி, பழைய பஸ் கண்டக்டர், விடுவானா? “தோத்த ஆளு அடுத்த சனியாழ்ச்ச பொறவால நடக்கணும். சம்மதமா?”

“சம்மதம்,” என்றேன்.

ரப்பர்க்காரனின் கை முதலில் காம்புக்குத்தான் போகும். அடம்பை ஒடித்தால் பால் வரும், பயற்றுக்கொடியில் வராது. முழங்கால் மடங்காது என்றாலும் குனிந்து ஓர் இலையை ஒடித்தேன். வெள்ளையாகக் கசிந்தது.

“பாத்தியளா டீச்சரே? பயறு பால் கறக்குமா?”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் மணலில் உட்கார்ந்து, பூவின் காம்பை விரலால் தொடர்ந்து போனார். அது அடம்பிலைகளுக்கு அடியில் நுழைந்து, மும்மூன்று இலையாக ஓடிய வேறொரு கொடியில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கொடியில் தடித்த பயற்றங்காய் ஒன்று தொங்கியது.

“அண்ணன் ஒடிச்சது அடம்புதான், சம்மதிச்சேன். பூ எந்தக் கொடியிலுள்ளதுண்ணு இனி சொல்லுங்க.”

“எலே, பசுவ மாத்திக் கறந்துட்டியே!” என்று கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை நான் கடைசியில் நடந்தேன். டீச்சர் பேர் சொன்னார், எல்லாரும் எழுதினார்கள். பின்னால் நடப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. முன்னே போனவர் விட்டதெல்லாம் அவன் கண்ணில் படும். அன்று டீச்சர் நாலு பூவை விட்டார். நாலையும் உரக்கக் கூவிச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் மணலில் திரும்பி நடந்து வரவேண்டியதாயிற்று. மூன்று சரி என்று ஒத்துக்கொண்டார். நாலாவதைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.